மூக்கு வழியே பால்

என் அக்காளின் ஆண் குழந்தைக்கு இதயத்தில் கோளாறு. நான்கு மிடறு பால் குடிப்பதற்குள் களைத்துவிடுவான். ஆகவே மருத்துவமனையில் மெல்லிய குழாய் ஒன்றை மூக்கின் வழியாக இரைப்பை வரை செலுத்தி, வீட்டில் பால் கொடுக்கும் முறையையும் கற்றுத் தந்தார்கள்.

இதில் முதன்மையானது பால் ஊற்றுவதன்று. அதற்குமுன் குழாயின் நுனி இரைப்பையில்தான் உள்ளதா என்று பார்ப்பது. இருமலிலோ வாந்தியிலோ நுனி நகர்ந்துவிட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடலாம். மூக்கருகே குழாயில் இட்ட மை அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். பின் சிரிஞ்சினால் சிறிது இரைப்பை நீரை உறிஞ்சி பி.எச். தாளில் விடுவோம். அந்நீர் அமிலம் அல்லவா? எண் 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் பால். இல்லையேல் மருத்துவமனையைக் கேட்காமல் ஒரு சொட்டும் கொடுப்பதில்லை. நம் ஆய்வுக்கூடத்து லிட்மஸ் தாள் இதற்குப் போதாது. அமிலம் என்று கூறுமே தவிர, எவ்வளவு என்று கூறாது. காற்றைச் செலுத்தி வயிற்றில் ஒலி கேட்பது பழைய முறை. நுனி நுரையீரலில் இருந்தாலும் அப்படியே ஒலி கேட்கலாமாம்!

தலையை உயர்த்திப் பிடித்து, பாலைத் தானாக இறங்கவிட வேண்டும், அழுத்தித் தள்ளலாகாது. இருமினாலோ உதடு நீலமானாலோ உடனே நிறுத்த வேண்டும். முடிந்ததும், மருத்துவர் சொன்ன அளவு கொதித்தாறிய நீர் விட்டுக் குழாயைக் கழுவுவோம். அரைமணி நேரம் தலையைத் தாழ்த்துவதில்லை.

ஒருநாள் குழாயைப் பாதி இழுத்துவிட்டான். பாட்டி, "உள்ளே தள்ளிவிடு" என்றார்கள். அக்காள் சம்மதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றாள். இப்போது அவன் கைகளுக்கு நான் தைத்த துணி உறைகள். அவற்றையும் சப்பிக்கொண்டிருக்கிறான்.