நினைவு நாளில் காக்கிச் சீருடை எதற்கு?

ஜூலை 26 அன்று என்.சி.சி.யில் இருக்கும் பிள்ளைகள் பல பள்ளிகளில் வழக்கமான சீருடையில் வருவதில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கி, பாலிஷ் போட்ட கருப்பு பூட்ஸ், இடுப்பில் பெல்ட், சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பி என்று வருவார்கள். தருமபுரி மாவட்டத்து இண்டூர் போன்ற ஊரில் அப்படி ஒரு பிள்ளை நடந்து போனால் டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டால் "கார்கில் நாள்" என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்டால் பல பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. அவர்கள் மேல் குற்றமில்லை. யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த உடை எங்கிருந்து வந்தது, அன்றைக்கு ஏன் அதைப் போட வேண்டும், யாருக்காகப் போட வேண்டும் என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து தெரிந்துகொள்வது நல்லது.

தேசிய மாணவர் படை என்கிற என்.சி.சி., 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது. அதற்கு முன் ஆங்கிலேயர் காலத்தில் 1917இல் தொடங்கிய பல்கலைக்கழகப் படை இருந்தது. அது கல்லூரி மாணவர்களுக்கு மட்டும். நாடு விடுதலை பெறும் தறுவாயில் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு, பள்ளி மாணவர்களையும் சேர்த்து நாடு முழுக்க ஒரு அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1948இல் சுமார் 20,000 பேரோடு தொடங்கியது. 1949இல் பெண்கள் பிரிவு வந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். 1968இல் மறுபடி விருப்பப் பயிற்சியாக மாற்றிவிட்டார்கள். இன்று நாடு முழுக்க 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதில் இருக்கிறார்கள்.

பல தாய்மார்களுக்கு ஒரு பயம் உண்டு: என்.சி.சி.யில் சேர்ந்தால் பிள்ளையைப் பட்டாளத்துக்கு இழுத்துப் போய்விடுவார்களோ என்று. போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பள்ளியில் இரண்டு ஆண்டு பயிற்சி முடித்துத் தேர்வு எழுதினால் 'ஏ' சான்றிதழ். கல்லூரியில் தொடர்ந்தால் 'பி', 'சி'. விரும்பிப் படைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும். மற்றவர்களுக்கு அணிவகுப்பும் முகாமும் துப்பாக்கி சுடும் பயிற்சியும் நல்ல பழக்கங்களும் மிச்சம்.

அப்படியானால், போர் வீரராக இல்லாத பிள்ளை ஏன் போர் வீரர்களை நினைக்கும் நாளில் வீரரைப் போல உடுத்த வேண்டும்?

இந்த வழக்கத்தின் ஒரு வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. 1918 நவம்பர் 11 அன்று அந்தப் போர் ஓய்ந்தது. மறு ஆண்டு அதே நாளில், காலை 11 மணிக்கு, பிரிட்டனிலும் அதன் ஆட்சியில் இருந்த நாடுகளிலும் வேலையை நிறுத்தி இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் போர்க்காலத்தில் தினமும் கடைப்பிடித்த வழக்கத்தை அந்த நாட்டுக்காரர் ஒருவர் எடுத்துச் சொல்லி, அது உலக வழக்கமானது. இன்றும் நவம்பர் 11ஐ ஒட்டி பிரிட்டிஷ் பள்ளிகளில் மாணவர் படையினரும் சாரணர்களும் தத்தம் சீருடையில் வந்து நிற்கிறார்கள். அங்குள்ள ஒருங்கிணைந்த பள்ளி மாணவர் படையும் அமைந்தது 1948இல்தான். அந்த முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் போனார்கள். 74,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று சொல்லும் சிறிய கல்வெட்டுப் பலகைகள் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். பெயர் இருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

நம் நாட்டில் நவம்பர் 11 பெரிதாக நிற்கவில்லை. நமக்கென்று வேறு நாட்கள் வந்துவிட்டன. ஜனவரி 30, காந்தி கொல்லப்பட்ட நாள். அன்று 11 மணிக்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம். சைரன் வசதி உள்ள இடங்களில் 10.59க்கு ஒலித்து, 11.02க்கு மறுபடி ஒலிக்கும். டிசம்பர் 16, 1971 போர் வெற்றி நாள். டிசம்பர் 7, கொடிநாள். இது 1949 முதல் நடப்பது, நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தது. சிறிய கொடியை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்கிறோமே, அந்தப் பணம் போரில் கணவனை இழந்த பெண்களுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கும் போகிறது. கொடியில் உள்ள சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்றும் தரைப்படை, கடற்படை, விமானப்படையைக் குறிக்கும். என்.சி.சி. கொடியிலும் அதே மூன்று நிறங்கள்தான். உண்டியலோடு சீருடையில் வரும் பிள்ளையிடம் சில்லறை இல்லை என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். 1999 மே முதல் ஜூலை வரை நடந்த அந்தப் போரில் 527 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மேஜர் மாரியப்பன் சரவணன். ராமேஸ்வரத்தில் பிறந்து திருச்சியில் படித்தவர். பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் அதிகாரி. படாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேல் இருந்த மலைமுகட்டை மீட்கும் தாக்குதலில் மே 29ஆம் தேதி விடியும் முன் வீரர்களை முன்னின்று நடத்திச் சென்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 26. எதிரிகள் மேலே இருந்ததால் உடலைக்கூட எடுக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் பனியிலும் பாறையிலும் கிடந்த உடலை ஜூலை தொடக்கத்தில்தான் மீட்டார்கள். வீர் சக்ரா விருது அவர் இல்லாத வீட்டுக்கு வந்தது. திருச்சியில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. கார்கில் நாளில் அங்கே என்.சி.சி. பிள்ளைகள் சீருடையில் வரிசையாக நின்று மலர் வைக்கிறார்கள்.

அந்த வரிசைக்கு ஒரு பொருள் இருக்கிறது. அதில் நிற்கும் பிள்ளைக்கு இன்னார் பெயர், இன்ன ஊர், இன்ன இடத்தில் இறந்தார் என்று தெரியும். அவர் போட்டிருந்த உடையின் சாயலை ஒருநாள் தான் போட்டுக்கொண்டு, அவர் நின்ற விதத்தில் நிற்கிறது. அஞ்சலி என்றால் அதுதான். பெயர் தெரியாமல் வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்து, தாமதமாக வரும் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கச் சொல்வது அஞ்சலி ஆகாது. பிள்ளைகள் மயங்கி விழுவதில்தான் போய் முடியும். கால் மணி நேரம் போதும்: கொடி, ஒரு வீரரின் கதை, இரண்டு நிமிட மௌனம், மலர்.

பெயர் சொல்லி நினைப்பது தருமபுரிக்கு வெளியிலிருந்து வந்த பழக்கமும் இல்லை. இந்த மாவட்டம் நடுகற்களின் நிலம். ஆநிரை கவர வந்தவர்களோடு மோதி இறந்தவர்களுக்கு, பல்லவர் காலத்திலிருந்தும் அதற்குப் பின்னும் நட்ட கற்கள் இங்கே ஏராளம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். கையில் வில்லும் வாளுமாக வீரன் நிற்பான். பக்கத்தில் எழுத்து இருக்கும்: எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்ச் சண்டை, யார் இறந்தது. நல்ல கல்லைத் தேடிப் பிடித்து, நீராட்டி, நட்டு, படையல் வைத்து வாழ்த்த வேண்டும் என்று தொல்காப்பியம் முறையே வகுத்துச் சொல்கிறது. எழுத்து மறந்து போன பிறகும் மக்கள் அந்தக் கற்களைக் கைவிடவில்லை. வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் இருக்கிறவற்றை இன்றும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஒரு சாதாரண சேவகனின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர்க்காரர்களின் வழி வந்த பிள்ளைகள், எண்ணிக்கை மட்டும் சொல்லும் பலகையோடு நின்றுவிடக் கூடாது. டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொறித்திருக்கிறார்கள். நடுகல் செய்ததும் அதைத்தான்.

போர் வீரர்களை மட்டும்தான் நினைக்க வேண்டும் என்பதும் இல்லை. இண்டூரிலிருந்து அதிக தூரமில்லாத பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவா இறந்தது 1925 ஜூலை 23, கார்கில் நாளுக்கு மூன்று நாள் முன். சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வந்து நாற்பது வயதில் முடிந்துபோன வாழ்க்கை. அந்த வாரம் முழுவதையும் நினைவு வாரமாகப் பள்ளிகள் எடுத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு நல்லது. துப்பாக்கி எடுத்தவரையும் எடுக்காதவரையும் ஒரே மௌனத்தில் நினைக்கலாம்.

இனி, உடை பற்றிச் சில நடைமுறைகள். தொப்பி இல்லாத தலையோடு சல்யூட் அடிக்கக் கூடாது. சீருடை போட்டபின் சட்டைப் பொத்தான் திறந்திருப்பதோ, பேருந்தில் தொங்கிக்கொண்டு வருவதோ, செல்ஃபிக்காகச் சேட்டை செய்வதோ கூடாது. "சாவ்தான்" என்றால் நிமிர்ந்து அசையாமல், "விஷ்ராம்" என்றால் தளர்ந்து. கட்டளைகள் இந்தியில் இருப்பது பற்றி நம் ஊரில் பழைய மனக்குறை உண்டு. 1968 ஜனவரி 23இல் சென்னை மாநில சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளும் இடம் பெற்றன. கட்டளைகள் இன்றும் இந்தியில்தான் இருக்கின்றன.

என்.சி.சி.யில் இல்லாத பிள்ளைக்கு, ஆசையாக இருக்கிறதே என்று கடையில் ராணுவ மாதிரி உடை வாங்கி மாட்டி அனுப்பாதீர்கள். பள்ளி நாடகத்துக்கும் மாறுவேடப் போட்டிக்கும் போடுவது தவறில்லை. ஆனால் தன்னை வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு படைவீரர் உடையை அணிவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை பெறக்கூடிய குற்றம். 2022இல் அறிமுகமான ராணுவத்தின் புதிய புள்ளிக்கோல உடை வடிவத்தை ராணுவமே பதிவு செய்து வைத்திருக்கிறது. சாரணர், ஜூனியர் ரெட் கிராஸ் பிள்ளைகள் அவரவர் சீருடையில் வரலாம். எதிலும் இல்லாத பிள்ளை பள்ளிச் சீருடையிலேயே வரிசையில் நிற்கட்டும். அதன் மௌனம் எந்த விதத்திலும் குறைந்தது இல்லை.

தலைமை ஆசிரியர்களுக்கும் என்.சி.சி. பொறுப்பாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நல்லம்பள்ளி, பென்னாகரம் வட்டாரங்களிலிருந்து படைக்குப் போனவர்கள் யார், திரும்பாதவர்கள் யார் என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நலத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஊரில் இருக்கும் ஓய்வு பெற்ற வீரர்களைப் பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகளோடு பேச விடுங்கள். அடுத்த ஜூலை 26க்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் மாவட்டத்து வீரர் ஒருவரின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். அன்று காலை அதைப் பிள்ளைகள் வாயாலேயே உரக்கச் சொல்லச் செய்யுங்கள்.