எழுப்புவதற்கு முன் ஒரு விண்ணப்பம்

அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ் 2002 ஜூலையில் காலமானபோது, அவருடைய குடும்பத்தில் இரண்டு காகிதங்கள் மோதிக்கொண்டன. தன்னை எரித்துச் சாம்பலை ஃபுளோரிடா கடலில் கரைக்கச் சொன்னது 1996இல் எழுதிய உயில். இன்னொன்று, எண்ணெய்க் கறை படிந்த ஒரு சின்னத் தாள். இறந்தபின் உறையவைக்கப்படத் தானும் மகனும் இளைய மகளும் சம்மதிப்பதாகச் சில வரிகள். கூடவே மூவர் கையெழுத்து. மூத்த மகள் வழக்காடிப் பார்த்தார். சில மாதங்களில் கைவிட்டார். வில்லியம்ஸ் போய்ச் சேர்ந்தது அரிசோனா மாநிலம் ஸ்காட்ஸ்டேலில் உள்ள ஆல்கோர் நிறுவனத்துக்கு. அங்கே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உடல்கள் காத்திருக்கின்றன.

உடலையோ தலையை மட்டுமோ இப்படிப் பத்திரப்படுத்தி, வருங்கால மருத்துவம் உயிர் கொடுக்கும் என்று நம்புவதுதான் கிரையோனிக்ஸ். இதுவரை ஒருவரும் எழுந்ததில்லை. எழுவார்கள் என்பதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் ஏற்பாடுகளில் மட்டும் குறையே கிடையாது. எப்படி எழுப்ப வேண்டும் என்று எழுதித்தர ஆல்கோர் உறுப்பினர்களுக்குத் தனி விருப்பப் படிவமே இருக்கிறது.

எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். பாதி நினைவு போனாலும் பரவாயில்லை என்று சீக்கிரம் எழுவதா, தொழில்நுட்பம் கனியும்வரை கிடப்பதா? தலையை மட்டும் கொடுத்தவருக்கு எந்த மாதிரி உடம்பு? உடம்பே இல்லாமல் கணினிக்குள் ஓடும் மனமாக எழச் சம்மதமா? மனைவி எழவில்லை என்றால் தான் மட்டும் எழ வேண்டுமா? கடைசிக் கேள்வியை வீட்டில் பேசிவிட்டு நிரப்புவது உத்தமம்.

நினைவு அழிந்திருந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். புகைப்படங்கள், நாட்குறிப்புகள், கடிதங்கள் அடங்கிய பெட்டிகள் கான்சாஸ் மாநிலத்தில் ஹட்சின்சன் உப்புச் சுரங்கத்தில் இருக்கின்றன. பூமிக்கு 650 அடி கீழே, ஈரமே அண்டாத கிடங்கு அது. ஹாலிவுட் படச்சுருள்களுக்கும் அதுதான் வாசஸ்தலம்.

அடுத்தது பணம். சட்டத்தின் கண்ணில் இறந்தவருக்குச் சொத்து கிடையாது. அதனால் சில செல்வந்தர்கள் டிரஸ்ட் அமைத்து, எழுந்து வரப்போகும் தங்களையே பயனாளியாகக் குறிப்பிடுகிறார்கள். டிரஸ்ட் காலவரம்பின்றி நீடிக்கக்கூடாது என்ற பழைய விதியை அமெரிக்க மாநிலங்கள் பல தளர்த்திவிட்டதால் இது சாத்தியமாகிறது.

இத்தனை எழுதி வைத்தாலும், முதல் தடை எதிர்கால மருத்துவர் அல்ல, இன்றைய சொந்தக்காரர்தான். ஐயோவா மாநிலத்துக்காரர் ஒருவர் தலையை உறையவைக்க ஆல்கோரிடம் 50,000 டாலருக்கு மேல் கட்டியிருந்தார். 2009இல் அவர் இறந்ததும் கூடப்பிறந்தவர்கள் உடலைப் புதைத்துவிட்டார்கள். தோண்டியெடுக்க ஒத்துக்கொள்ளும்படி அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டபோது, உடல் மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

ஆல்கோரின் காகிதக் கட்டில், உறவினர்கள் தடுக்கமாட்டோம் என்று கையெழுத்திடும் உறுதிமொழிப் பத்திரமும் ஒன்று.