ஒப்பந்தத்தின் பின்பக்கம்

கோயம்புத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வீடு மாறும் குடும்பமொன்று, கட்டில், அலமாரி, பாத்திரங்கள் அனைத்தையும் இடமாற்று நிறுவனத்திடம் ஒப்படைத்து ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறது. அதன் பின்பக்கத்தில், ‘பிணக்கு எழுந்தால் மும்பையில் நடுவர் வழியே தீர்க்கப்படும்’ எனச் சிற்றெழுத்தில் ஒரு வரி காணப்படலாம். இதுவே நடுவர் தீர்வு விதிக்கூறு ஆகும்.

நீதிமன்றத்திற்குச் செல்லாமல் நடுநிலையாளர் ஒருவரின் முடிவை ஏற்பதற்கான உடன்பாடு இது. நடுவர் மற்றும் சமரசச் சட்டம், 1996-இன்படி இவ்வுடன்பாடு எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். நடுவர் அளிக்கும் தீர்ப்பு இருதரப்பையும் கட்டுப்படுத்தும். சட்டம் வரையறுத்த சில காரணங்களுக்காக மட்டுமே நீதிமன்றம் அதனை நீக்கும்.

அவ்வாறாயின், அலமாரி உடைந்த குடும்பம் இழப்பீடு பெற மும்பைக்குத்தான் செல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. இத்தகைய விதிக்கூறு இருப்பினும் நுகர்வோர் ஆணையத்தை நாடும் உரிமை அழியாது என உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில் உறுதிசெய்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிட வழிவகுக்கிறது. அம்முறையீட்டை ஈராண்டுகளுக்குள் அளித்தல் வேண்டும்.

எனினும், நடுவரை நியமிப்பவர் யார், அமர்வு எவ்வூரில், செலவு எவரைச் சாரும் என்பனவற்றைக் கையொப்பமிடும் முன்னரே கேட்டறிதல் நன்று.