எழுத்துரு வேறு, குறியீடு வேறு, விசைப்பலகை வேறு!



"உனக்கு எந்த ஃபான்ட்ல தமிழ் டைப் அடிக்கத் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் "பாமினி" என்பார். இன்னொருத்தர் "யூனிகோடு" என்பார். மூன்றாவது ஆள் "தமிழ் 99" என்பார். கேள்வி ஒன்று, ஆனால் பதில் மூன்றும் வேறு வேறு பொருள்களைப் பற்றியது. இன்னிக்கு என்ன குழம்பு என்று கேட்டால் ஒருத்தர் "சாம்பார்", அடுத்தவர் "மண்சட்டி", அதற்கடுத்தவர் "விறகு அடுப்பு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அது மாதிரிதான். ஆனாலும் யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் கேட்டவருக்கும் அதே குழப்பம்!

முதலில் அடிப்படை. கணினிக்கு 'அ' என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண் மட்டும்தான். அதனால் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று மனிதர்கள் கூடிப் பேசி ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலுக்குப் பெயர்தான் குறியீட்டு முறை. அமெரிக்காவில் 1963-இல் முதலில் வெளிவந்த ஆஸ்கி பட்டியல் அப்படிப்பட்டது. அதில் பெரிய ஏ 65, சின்ன ஏ 97. மொத்தமே 128 இடம். நமக்கோ 247 எழுத்து. போதாததற்கு ஜ, ஷ, ஸ, ஹ வேறு. ஒன்றுக்குக்கூட அதில் இடமில்லை.

இனி எழுத்துரு. 65 என்ற எண் வந்தால் திரையில் எப்படி ஒரு வடிவம் வரைய வேண்டும் என்று வைத்திருப்பது எழுத்துரு, அதாவது ஃபான்ட். நம்ம சுவரிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு அக்கா எழுதின 'அ' முத்து முத்தாக இருக்கும். நான் எழுதினால் வால் நீண்டுபோகும். இரண்டும் 'அ'தான். வடிவம் மாறினால் எழுத்துரு மாறியிருக்கிறது, எழுத்து மாறவில்லை.

மூன்றாவது விசைப்பலகை அமைப்பு. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து உள்ளே போகும் என்ற ஏற்பாடு. தமிழ் 99 என்பது இதுதான். ஃபான்ட்டே கிடையாது! அந்த 99, சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைக் குறிக்கும். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ தட்டினால் போதும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். டைப்ரைட்டர் பழகினவர்கள் அந்த முறையில் அடிப்பார்கள். போனில் ஆங்கில ஒலியை வைத்து அடிக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். எப்படி அடித்தாலும் உள்ளே போகும் எண் ஒன்றாக இருந்தால் எழுத்தும் ஒன்றுதான்.

சரி, மூன்றும் வேறு என்றால் இத்தனை பேர் ஏன் குழம்புகிறார்கள்? அவர்கள் மேல் தப்பு இல்லீங்க. பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள். தமிழுக்கு இடமே இல்லாத கணினியில் எப்படியாவது தமிழ் வர வேண்டும் என்று ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அந்த எண்ணுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்துவிட்டார்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்ட வேண்டும். கணினி உள்ளே எழுதிக்கொள்வது 106, 107, 112, 111, 59. அது ஆங்கிலம்தான் என்று கணினி நினைத்துக்கொண்டிருக்கிறது. மேலே தமிழ்ச் சட்டை போட்டிருப்பதால் நமக்குத் தமிழாகத் தெரிகிறது. அன்றைக்கு அது பெரிய உதவி, அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

யூனிகோடு வேறு வழி. 1991-இல் முதல் பதிப்பு வந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுப்பது அதன் வேலை. அதில் 'அ' என்றால் 2949. வேறு எந்த மொழி எழுத்துக்கும் அந்த எண் கிடையாது. 'தமிழ்' என்றால் த 2980, ம 2990, கொக்கி 3007, ழ 2996, புள்ளி 3021. ஆகவே யூனிகோடு ஃபான்ட் அல்ல, பட்டியல். 'யூனிகோடு எழுத்துரு' என்று சொன்னால் அந்தப் பட்டியல்படி வரைந்த எழுத்துரு என்று அர்த்தம். லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் அந்த வகை. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது.

வகுப்பு வரிசை எண்ணை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். 'அ' பிரிவில் 14 என்றால் ஒருத்தி, 'ஆ' பிரிவில் 14 என்றால் வேறொருத்தி. எந்தப் பிரிவு என்று சொல்லாமல் "பதினாலு எழுந்திரு" என்றால் யாரோ எழுந்திருப்பார்கள். பழைய எழுத்துருக்கள் அப்படித்தான். எமிஸ் எண் அப்படி இல்லை, மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஒரு ஆள்தான். யூனிகோடு அந்த மாதிரி.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறீர்களா? நம்ம கணினி அறை அலமாரியில் ஒரு குறுந்தகடு இருந்தது. மேலே "ஆண்டு மலர்" என்று மட்டும் எழுதியிருந்தது. திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். "வைரஸ் புடிச்சிருக்கு, தூக்கிப் போட்டுடலாம்" என்றுதான் பேச்சு வந்தது. ஆனால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற வரிசை அதில் திரும்பத் திரும்ப வந்தது. வைரஸ் அப்படி ஒழுங்காக எழுதாது! பாமினியைக் கணினியில் ஏற்றி, எல்லாவற்றையும் தேர்வு செய்து எழுத்துருவை மாற்றினோம். அப்படியே தமிழ் வந்து நின்றது. அதில் ஒரு கட்டுரை, நம்ம ஊர்க் கிணறுகளின் பெயர்கள். ஒரு பாட்டி சொல்லச் சொல்ல அப்போதைய மாணவர்கள் எழுதியது. பதினேழு கிணறு. பாதிக்கு மேல் இப்போது தூர்ந்துவிட்டது. அந்தப் பாட்டியும் இப்போது இல்லை. அழித்திருந்தால் அந்தப் பெயர்களைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

கதை அதோடு முடியவில்லை. தமிழாகத் தெரிகிற அந்தப் பக்கத்தில் 'கிணறு' என்று தேடினோம். கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது, கணினியோ "இல்லை" என்கிறது! நாங்கள் தேடியது யூனிகோடு எண்ணில். உள்ளே இருப்பது இன்னமும் ஆங்கில எண்தானே. எழுத்துருவை மாற்றினால் சட்டைதான் மாறும். வரிசைப்படுத்துவதும் அப்படித்தான். பாமினியில் ய இருப்பது சின்ன ஏ இடத்தில், அதாவது 97. அ இருப்பது சின்ன எம் இடத்தில், 109. பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் அமுதாவுக்கு முன்னாடி யமுனா வந்து உட்கார்ந்துகொள்வாள். (யூனிகோடு எண் வரிசையும் முழுக்க நம் வரிசை இல்லை. அதில் 'ந'வுக்கு அடுத்ததே 'ன' இருக்கிறது. ஆனால் அகர வரிசைக்குத் தனி விதி எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்.)

ஆகவே எண்ணையே மாற்ற வேண்டும். அதைச் செய்யும் மென்பொருளை "ஃபான்ட் கன்வெர்ட்டர்" என்கிறார்கள். பேரிலேயே குழப்பம் பாருங்கள்! அது மாற்றுவது ஃபான்ட்டை அல்ல, குறியீட்டை. பழைய எண் ஒவ்வொன்றுக்கும் ஈடான யூனிகோடு எண்ணைப் போடும். 'கை' என்ற எழுத்தில் பாமினி சங்கிலிக்கொம்பை முதலிலும் க-வைப் பிறகும் வைத்திருக்கும், நாம் கையால் எழுதுகிற வரிசை. யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு, நாம் உச்சரிக்கிற வரிசை. அதையும் மாற்றி அடுக்க வேண்டும். மாற்றிக்கு விவரம் பத்தாத இடமும் உண்டு. மலரில் ஓர் ஆசிரியரின் பட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. அதிலிருந்த பெரிய எம் 'ஆ' ஆகிவிட்டது. அதனால் மாற்றின பிறகு கண்ணால் ஒரு தடவை படித்துத் திருத்தியே ஆக வேண்டும்.

தமிழ் ஒழுங்காகத் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் "ஃபான்ட் பிராப்ளம்" என்று சொல்லிவிடுகிறோம். காய்ச்சல் எல்லாம் ஒரே காய்ச்சலா? ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய குறியீடு, அதற்குரிய எழுத்துரு இல்லை. கட்டம் கட்டமாக வந்தால் எண் சரியாகவே இருக்கிறது, வரைவதற்கு வடிவம்தான் இல்லை. இதற்கு மட்டும் ஃபான்ட் போட்டால் முழுக்கச் சரியாகிவிடும். கொம்பும் காலும் புள்ளிவட்டத்தோடு பிரிந்து நின்றால் எழுத்துகளைச் சேர்த்து அடுக்கத் தெரியாத மென்பொருள். சாய்கோடு போட்ட சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று நிரம்பி வழிந்தால் யூனிகோடுதான், யூடிஎஃப்-8 முறையில் சேமித்ததை வேறு முறையில் படிக்கிறது. அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் பிரித்து எழுதப்படும், மூன்றையும் தனித்தனி எழுத்து என்று எண்ணிக்கொண்டால் இந்தக் கோலம்தான்.

உங்கள் வீட்டில் பழைய கோப்பு இருந்தால் சோதிப்பது எளிது. ஒரு வரியைத் தேர்வு செய்து எழுத்துருவை டைம்ஸ் நியூ ரோமன் ஆக்குங்கள். தமிழ் தமிழாகவே இருந்தால் யூனிகோடு. ஆங்கிலமாக மாறினால் பழையது. பயப்படாமல் முன்பிருந்த எழுத்துருவை மறுபடி போட்டுவிடலாம்.

மலரில் இன்னும் 11 பக்கம் திருத்த வேண்டியிருக்கிறது. படித்துச் சொல்ல ஆள் வேண்டும். வியாழக்கிழமை மதிய இடைவேளையில் கணினி அறைக்கு வாருங்கள். கிணறுகளின் பெயர்ப் பட்டியல் அடுத்த இதழில் வரும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி