தோட்டா செய்யும் கருவியும் தோட்டாதான்!

புதுதில்லி: மேஜை ஓரத்தில் திருகிப் பொருத்தக்கூடிய சிறிய இரும்பு அழுத்துக் கருவி அது. கைப்பிடியை ஒருமுறை கீழே இழுத்தால் ஒரு வேலை முடியும். அதனால் சுட முடியாது; அது வெடிக்கவும் செய்யாது. ஆனால், இந்தியச் சட்டத்தின் பார்வையில் அதுவும் தோட்டாதான். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தனது 2-வது பிரிவில் தோட்டா என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, தோட்டாவின் உதிரி பாகங்களையும் அதனைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்திருக்கிறது. உரிமமின்றி தோட்டா தயாரிப்பதை 5-வது பிரிவு தடை செய்கிறது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

கள்ளத் துப்பாக்கிப் பட்டறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவுதான் இது. பிகாரின் முங்கேர் போன்ற ஊர்களின் பெயரைக் கேட்டாலே அதன் அவசியம் விளங்கும். ஆனால், அதே பிரிவின் நிழல் தேசியக் கொடி பொறித்த சட்டையுடன் சர்வதேசப் போட்டிகளுக்குச் செல்லும் வீரர்கள் மீதும் விழுகிறது என்பது பலரும் அறியாத செய்தி.

உலகின் பல நாடுகளில் போட்டி வீரர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக் கொள்கின்றனர். ரீலோடிங் என்று இதற்குப் பெயர். சுட்டு முடித்ததும் தரையில் விழும் பித்தளைக் கூடு வீணாவதில்லை. அதைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, அடியில் புதிய பிரைமரைப் பொருத்தி, உந்து மருந்தை எடைபோட்டு நிரப்பி, மேலே ஈயக் குண்டைப் பதித்து மூடினால் தோட்டா மீண்டும் தயார். ஒரு தோட்டாவில் விலை மிகுந்த பாகம் பெரும்பாலும் அந்தப் பித்தளைக் கூடுதான். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதே இதன் பொருளாதாரம்.

பணம் மட்டுமே காரணமல்ல. எல்லாத் துப்பாக்கிகளும் ஒரே மாதிரிச் சுடுவதில்லை. ஒரு குழாய்க்கு ஒத்துவரும் குண்டும் மருந்தும் இன்னொன்றுக்கு ஒத்துவராமல் போகலாம். தன் துப்பாக்கிக்கு எது பொருந்தும் என்று பொறுமையாகச் சோதித்து, அதே அளவை ஆயிரம் முறை மாறாமல் நிரப்புபவருக்குப் பலகையில் சில மில்லிமீட்டர் லாபம் கிடைக்கிறது. சில மில்லிமீட்டரா என்று அலட்சியப்படுத்த வேண்டாம். 25 மீட்டர் சென்டர் பயர் பிஸ்டல் போட்டியின் துல்லியச் சுற்றில், பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 50 மில்லிமீட்டர்தான். 2025-ம் ஆண்டு நவம்பரில் கெய்ரோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் குர்பிரீத் சிங்கும் உக்ரைன் வீரரும் தலா 584 புள்ளிகள் எடுத்தனர். அந்த வட்டத்துக்குள் இருக்கும் இன்னும் சிறிய உள்வட்டத்தில் எத்தனை குண்டுகள் விழுந்தன என்ற கணக்கில்தான் தங்கம் கைநழுவி வெள்ளியாயிற்று.

இந்தப் போட்டி இந்தியாவுக்குப் புதியதன்று. 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா தங்கம் வென்றது இதில்தான். 2006-ல் தோஹாவில் 590 புள்ளிகள் எடுத்து அவர் உலக சாதனையைச் சமன் செய்ததும் இதில்தான். 2014-ல் இன்சியான் ஆசியப் போட்டியில் இந்திய அணிக்கு வெள்ளி கிடைத்தது. இதில் உலகெங்கும் பெரும்பாலும் பயன்படுவது .32 அங்குலத் தோட்டா. அதன் குண்டு முனை மழுங்கி, வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். காகிதப் பலகையில் கிழிசலின்றி வட்டமாகத் துளையிடுவதற்காகவே இந்த வடிவம். வாட்கட்டர் என்பார்கள். ஒலிம்பிக்கில் உள்ள .22 பிஸ்டல் போட்டிகளுக்கு ரீலோடிங் பொருந்தாது. அதன் பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருப்பதால் ஒருமுறை சுட்டால் கதை முடிந்தது.

ஒரு போட்டிக்கு 60 தோட்டாக்கள். ஆயுத விதிகள் 2016-ன்படி, .22 தவிர்த்த பிஸ்டல், ரிவால்வர்களுக்குப் பயிற்சிக்காக ஓர் ஆண்டில் வாங்க அனுமதிக்கப்பட்ட அளவு 600 ஆக இருந்தது. அதாவது, ஆண்டு முழுவதற்கும் பத்தே பத்து ஆட்டங்கள்! 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் இந்த அளவை 2,000 ஆக உயர்த்தியது. .22 தோட்டாக்களுக்கான அளவு 1,000-லிருந்து 5,000 ஆனது. ஷாட்கன் தோட்டாக்களுக்கு 500-லிருந்து 5,000. சர்வதேசப் பதக்கம் வென்றவர்களும் புகழ்பெற்ற வீரர்களும் விலக்குப் பிரிவில் 12 துப்பாக்கிகள் வரை வைத்துக் கொள்ளலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், சாதாரண உரிமதாரர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது விளையாட்டு வட்டாரத்தில் எழுந்த கவலைக்கு இது ஒரு மருந்து.

நல்ல மாற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2,000 தோட்டாக்கள் என்பது 33 ஆட்டங்கள். நாள்தோறும் ஒரு முழு ஆட்டம் சுட்டுப் பழகும் வீரருக்கு ஐந்து வாரம்கூட வராது. எஞ்சிய நாட்களில் தோட்டா இல்லாத துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்து விசையை இழுத்துப் பழகலாம். பயனுள்ள பயிற்சி என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள்; ஆனால், துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதை அது கற்றுத் தராது. போட்டித் தரமான தோட்டாவோ பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதன் இறக்குமதிக்கும் ஆயுதச் சட்டத்தின் 10-வது பிரிவின் கீழ் உரிமம் தேவை. கையோடு எடுத்து வரலாம் என்றால், சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள் ஒரு பயணிக்கு 5 கிலோ தோட்டாவுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

பயம் நியாயமானதா?

அரசின் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2010 ஏப்ரலில் சத்தீஸ்கரின் தண்டேவாடாவில் மாவோயிஸ்டுகள் 76 பாதுகாப்புப் படையினரைக் கொன்ற சில வாரங்களுக்குள், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் ஒரு கும்பல் பிடிபட்டது. மாவோயிஸ்டுகளுக்குத் தோட்டா விற்றதாகக் கைதானவர்களில் பலர் காவல் துறையையும் துணை ராணுவத்தையும் சேர்ந்தவர்கள். 2023 அக்டோபரில் 24 பேருக்குத் தலா 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அரசின் கிடங்கிலிருந்தே தோட்டா கசியும் நாட்டில், வீட்டுக்கு வீடு மருந்தும் பிரைமரும் எப்படிக் கொடுப்பது என்று ஓர் அதிகாரி கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. (கசிந்தது வீரர்களின் வீட்டிலிருந்து அல்ல என்பதையும் அதே அதிகாரிக்கு நினைவூட்டலாம்.)

இந்தத் தயக்கத்தின் வேர் இன்னும் பழையது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் கொண்டு வந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்த அவமானம் காங்கிரஸ் இயக்கத்தின் நெஞ்சில் நெடுங்காலம் தைத்திருந்தது. 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் புதிய சட்டம் வந்தது. ஆனால், ராணுவம் பயன்படுத்தும் தோட்டா குடிமக்கள் கையில் இருக்கக் கூடாது என்ற காலனியக் கால எண்ணம் மட்டும் விதிகளில் ஒட்டிக் கொண்டே வந்தது. படைகளின் 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடக்கூடிய பிஸ்டல், ரிவால்வர், கார்பைன் எதுவானாலும் தடை செய்யப்பட்ட வகையில் சேரும். அமெரிக்காவில் இன்று வேகமாகப் பரவிவரும் பிஸ்டல் தோட்டா கார்பைன் போட்டிகள் இங்கு காலூன்ற முடியாமைக்கு இதுவே காரணம்.

இன்னொரு பயம் உயிர் பற்றியது. இதில் அரசைக் காட்டிலும் அனுபவமுள்ள வீரர்களே அதிகம் பயப்படுகின்றனர். 9 மில்லிமீட்டர் தோட்டா வெடிக்கும்போது அதற்குள் அனுமதிக்கப்படும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கார் டயரில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். கவனக் குறைவால் ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்தால் துப்பாக்கி கையிலேயே சிதறலாம். சிறிய அளவு மருந்தே தேவைப்படும் பிஸ்டல் கூட்டில் இரட்டை அளவும் வழிந்து கொட்டாமல் அடங்கிவிடும் என்பதுதான் ஆபத்து. எனவேதான், குண்டைப் பதிக்கும் முன் ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது இந்தக் கலையின் முதல் பாடம். குண்டைச் சற்றே ஆழமாகப் பதித்தாலும் உள்ளிடம் சுருங்கி அழுத்தம் எகிறும்.

மருந்து குறைந்தாலும் ஆபத்துதான். குண்டு வெளியேறாமல் குழாய்க்குள் நின்றுவிடும். சத்தம் மெலிதாகக் கேட்டதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும். கார்பைனில் இந்தச் சிக்கல் கூடுதல். பிஸ்டலின் குட்டைக் குழாயை ஒழுங்காகத் தாண்டும் மென்மையான தோட்டா, கார்பைனின் நீண்ட குழாயில் உராய்ந்து நடுவழியில் நின்றுவிடக்கூடும். ஒன்றில் சரியாக இருந்தது இன்னொன்றிலும் சரியாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது.

மருந்து உற்பத்தியாளர் சோதித்து வெளியிட்ட அளவுக்கு மேல் போகாமை, மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே வகை மருந்தை மட்டும் வைத்தல், பிரைமர்களை அவை வந்த பெட்டியிலேயே காத்தல், கண்ணாடி அணிதல், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடாமை என்று ஒழுங்குகள் நீளும். தொலைக்காட்சியைப் பார்த்துக் கொண்டே செய்யும் வேலை அல்ல இது.

ஜெர்மனியின் வழி

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப மத்திய உரிமம் எதுவும் வேண்டாம். விற்பனைக்காகத் தயாரித்தால்தான் உரிமம். இந்தியச் சூழலில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். பிரிட்டன் வேறு ரகம். 1996-ல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பின், மறு ஆண்டே கைத்துப்பாக்கிகள் அங்கு தடை செய்யப்பட்டன. பிஸ்டல் வீரர்கள் பலர் அதே தோட்டாவைச் சுடும் கார்பைனுக்கு மாறினர். அத்தனை கடுமை காட்டிய நாடும் ரீலோடிங்கைத் தடை செய்யவில்லை. பிரைமர் வாங்கச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று 2006-ல் சட்டம் செய்ததோடு நின்றது.

நமக்கு நெருக்கமாகத் தெரிவது ஜெர்மனியின் முறை. அங்கு இது வெடிபொருள் சட்டத்தின் 27-வது பிரிவின் கீழ் வருகிறது. அரசு அங்கீகரித்த வகுப்பில் பயின்று தேர்வில் தேற வேண்டும். விண்ணப்பதாரரின் நம்பகத்தன்மையை அதிகாரிகள் விசாரிப்பார்கள். அதன் பிறகே அனுமதிச் சீட்டு; எவ்வளவு மருந்து வாங்கலாம் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். யாரிடம் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும். தேறாதவர் கையில் கருவி இருக்காது.

இந்தியாவில் தோட்டாத் தொழில் தனியாருக்கு மூடிக் கிடக்கவும் இல்லை. 2024 பிப்ரவரியில் கான்பூரில் அதானி குழுமத்தின் பிரம்மாண்டமான தோட்டா, ஏவுகணை வளாகம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 15 கோடி சிறு ரகத் தோட்டாக்கள் என்பது அதன் தொடக்க இலக்கு. கோடிக்கணக்கில் செய்பவருக்கு உரிமம் தர வழிகண்ட நிர்வாகம், தன் பயன்பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் நிரப்ப விரும்பும் வீரரைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதுகூட இல்லை. ஆயுதச் சட்டத்தின் 41-வது பிரிவு, பொது நலன் கருதி எந்த வகை நபர்களுக்கும் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்தும் அறிவிக்கை மூலம் விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. தேசிய ரைபிள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற சுடுதளங்களில் மட்டும், தேர்வில் தேறியவருக்கு மட்டும், .32 தோட்டாவுக்கு மட்டும் என்று சோதனை முறையில் தொடங்கலாம். 1982 ஆசியப் போட்டிக்காகத் தில்லி துக்ளகாபாத்தில் அமைந்த கர்ணி சிங் சுடுதளமே அதற்கு ஏற்ற இடம். கருவியும் மருந்தும் அங்கேயே பூட்டில் இருக்கும். யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. மருந்துக்கும் அலைய வேண்டாம். நீலகிரி அருவங்காட்டில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உந்து மருந்து தயாரித்து வரும் கார்டைட் தொழிற்சாலையும், 1869-ல் தொடங்கிய புணே அருகே உள்ள கட்கி தோட்டாத் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கீழ்தான் இயங்குகின்றன.