குப்பைப் பெட்டிக்குள் ஒரு நல்ல கடிதம்

மாணவர்களே, உங்கள் மின்னஞ்சலில் 'ஸ்பேம்' என்றொரு பெட்டி உண்டு. அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?

காப்பாரில் எஸ்.பி.எம். முடித்த என் மாணவி ஒருவர், ஒரு கல்லூரியின் பதிலுக்காகக் காத்திருந்தார். "பதிலே வரவில்லை சார்" என்று வருத்தத்தோடு வந்து நின்றார். அவர் கைப்பேசியில் இருவரும் தேடினோம். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. தேர்வு நடந்து நான்கு நாள் ஆகிவிட்டது.

அந்தக் கடிதத்தை அங்கே போட்டது யார்? மனிதர் அல்லர், ஒரு கணக்கு.

வேண்டாத மின்னஞ்சலின் வரலாறு பழையது. 1978 மே 3ஆம் நாள், கேரி துர்க் என்ற அமெரிக்கர் கணினி விளம்பரம் ஒன்றை அர்பாநெட் வலையமைப்பில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினார். இன்று ஜிமெயில் மட்டுமே ஒரு நாளில் ஏறத்தாழ 1,500 கோடி வேண்டாத அஞ்சல்களைத் தடுப்பதாக கூகல் கூறுகிறது.

இவற்றை வடிகட்டும் வழிகளில் ஒன்று நிகழ்தகவு. தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேய மதகுரு எழுதிய கணிதக் கட்டுரை, அவர் இறந்தபின் 1763இல் வெளியானது. அந்தக் கருத்தைக் கொண்டு ஸ்பேமை வடிகட்டலாம் என 2002இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரை, இம்முறையைப் பரவலாக்கியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 100 ஸ்பேம், 100 நல்ல அஞ்சல்கள் உள்ளன என வைத்துக்கொள்வோம். 'தஹ்னியா' என்ற சொல் 40 ஸ்பேமிலும் 10 நல்ல அஞ்சலிலும் வருகிறது. அப்படியானால் அந்தச் சொல் உள்ள புதிய அஞ்சல் ஸ்பேமாக இருக்கும் வாய்ப்பு 50இல் 40, அதாவது 80 விழுக்காடு. 'செக்கோலா' என்ற சொல் 1 ஸ்பேமிலும் 19 நல்ல அஞ்சலிலும் வந்தால், வாய்ப்பு 5 விழுக்காடுதான். இரு சொற்களும் ஒரே அஞ்சலில் வந்தால்? 0.8 × 0.05 = 0.04, 0.2 × 0.95 = 0.19. 0.04ஐ 0.23ஆல் வகுத்தால் சுமார் 17 விழுக்காடு. ஒரு சொல் ஏற்றியதை மற்றொரு சொல் இறக்கிவிட்டது.

மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் தங்கள் அஞ்சலில் சாதுவான சொற்களை அள்ளித் தெளிக்கிறார்கள். 'O' எழுத்துக்குப் பதில் '0' போடுகிறார்கள். சொற்களைப் படமாக்கி அனுப்புகிறார்கள். இக்கால வடிகட்டிகள் அனுப்புபவரின் சர்வரையும் சோதிக்கின்றன. ஆனால், உங்கள் நண்பரின் கணக்கையே ஒருவன் திருடி அனுப்பினால் அந்தச் சோதனையிலும் அது தேறிவிடும்.

மாணவிக்கு வந்த கடிதத்தில் 'வாழ்த்துகள்', 'உடனே', 'இந்த இணைப்பைச் சொடுக்குக' எல்லாம் இருந்தன. வடிகட்டிக்குப் பொருள் புரியாது, சாயல்தான் தெரியும். சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் நல்ல மாவும் மேலே தங்கிவிடும். பெரிதாக்கினால் கல்லும் கீழே இறங்கிவிடும். இரண்டு தவறுகளையும் ஒருசேர ஒழிக்கும் சல்லடை இன்னும் இல்லை.

ஆகவே, முக்கியமான பதிலுக்குக் காத்திருக்கும்போது ஸ்பேம் பெட்டியை நாள்தோறும் பாருங்கள். நல்ல அஞ்சல் அங்கே இருந்தால் 'ஸ்பேம் அல்ல' என்பதை அழுத்துங்கள். வடிகட்டி அதிலிருந்து கற்றுக்கொள்ளும். இன்பாக்ஸில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். இணைப்பைத் தொடாமல், அந்த நிறுவனத்தின் அகப்பக்கத்திற்கு நீங்களே சென்று பாருங்கள். வீட்டில் யாராவது மோசடியில் பணத்தை இழந்தால், தாமதிக்காமல் 997 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

என் மாணவி கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினார். அடுத்த சேர்க்கைக்கு மீண்டும் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் காத்திருந்து சேர்ந்தார். நீங்கள் காத்திருக்க வேண்டாம். இன்றே அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.