காற்று வேண்டாத டயர்

கத்திரி வெயிலில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் கிழிந்த டயர்த் துண்டுகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். டயர் வெடிப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று காற்றுக் குறைவு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரிகிறது. அதில் பிறக்கும் சூட்டில் ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் பிரிந்துவிடுகின்றன.

காற்றே இல்லாவிட்டால் இந்தத் தொல்லையும் இல்லை. 2005-இல் மிஷ்லின் நிறுவனம் 'ட்வீல்' என்ற காற்றில்லா டயரைக் காட்டியது. 2019-இல் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து காருக்கான 'அப்டிஸ்' மாதிரியை வெளியிட்டது. இதில் வெளிப்புறம் ரப்பர். நடுவில் வளைந்து நிமிரும் ஆரங்கள். பலகையை ஊஞ்சல் சங்கிலி தாங்குவதுபோல, மேல்பக்கத்து ஆரங்கள் இழுபட்டு அச்சைத் தாங்குகின்றன. தரையை ஒட்டிய ஆரங்கள் வளைந்து குலுக்கலை வாங்கிக்கொள்கின்றன. சீமைக்கருவேல முள்ளோ ஆணியோ ஏறினாலும் இறங்குவதற்குக் காற்று இல்லை. பஞ்சராலும் காற்றழுத்தக் கோளாறாலும் உலகில் 20 சதவீத டயர்கள் ஆயுள் முடியும் முன்பே கழிக்கப்படுவதாக மிஷ்லின் சொல்கிறது. அவ்வளவு ரப்பர் வீணாகாமல் இருந்தால் பெரிய லாபம்தான்.

ஆனால் சூடு இங்கேயும் விடுவதில்லை. வேகம் கூடக் கூட ஆரங்கள் மடங்கி நிமிர்ந்தே சூடேறுகின்றன. தொடக்க கால ட்வீல், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் அதிர்ந்து இரைந்தது. அதனால் அது மண் அள்ளும் சிறு லோடர்களுக்கும் புல்வெட்டும் வண்டிகளுக்குமே முதலில் விற்பனைக்கு வந்தது. ஆரங்களுக்கிடையே சேறு அடைத்துக் காய்ந்தால் சக்கரத்தின் சமநிலை கெடும். இன்னொரு குறை நம் விவசாயிகளுக்கு உடனே புரியும்: ஈர நிலத்தில் டிராக்டர் பதியாமலிருக்கக் காற்றைக் கொஞ்சம் இறக்குவார்கள். காற்றில்லா டயரில் அந்த வசதி கிடையாது.

மெதுவாக ஓடும் வண்டிகளுக்குக் காற்றில்லாமை புதிதுமல்ல. இலங்கையில் தயாராகும் முழு ரப்பர் டயர்கள் பல நாடுகளின் கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்டுகளைச் சுமக்கின்றன. அப்டிஸ் 2023-இல் சிங்கப்பூரில் டிஎச்எல் டெலிவரி வேன்களில் சோதனைக்கு ஏறியது. அதுவும் ஊருக்குள் ஓடும் வண்டிதான்.

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை மாதிரியான வளாகத்துக்குள் ஓடும் லோடருக்குக் காற்றில்லா டயர் ஏற்றது. கோடையில் பாரத்தோடு நெடுஞ்சாலையில் விரையும் லாரிக்கும் பேருந்துக்கும் இப்போதைக்குக் காற்றடைத்த டயரே சரி. ஆகவே திண்டிவனம் தாண்டுமுன் அல்ல, வீட்டை விட்டுக் கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்து பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.